கட்டடத்துக்கு முன் பதிவேடு: தருமபுரி, கிருஷ்ணகிரி நகர்மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஆணையர்களுக்கும்,

வணக்கம்.

நகருக்கென்று ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் இடம் பார்க்கிறார்கள். அடுத்து கட்டட வரைபடம் வருகிறது. அதற்கடுத்து திறப்பு விழாக் கல்வெட்டில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்ற பேச்சு. உள்ளே என்ன வைக்கப்போகிறோம் என்ற பட்டியல் கடைசியில் வரும். பல சமயம் வராமலே போய்விடும். நடுகல், கல்வெட்டு, பழம்பொருள் ஆகியவற்றைப் படியெடுப்பதிலும் பதிவு செய்வதிலும் பழகிய சிலர் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான்: வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் பதிவேடு. அடுத்து, கையில் இருக்கும் பொருளுக்குப் பாதுகாப்பு. இவை இரண்டும் ஓராண்டு ஒழுங்காக நடந்த பிறகு கட்டடம்.

இரண்டு ஊர்களிலும் அரசு அருங்காட்சியகம் ஏற்கெனவே இருக்கிறது. தருமபுரியில் இருப்பது தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம், நடுகற்களுக்குப் பேர்போனது. கிருஷ்ணகிரியில் 1993 முதல் இயங்குவது அருங்காட்சியகங்கள் துறையுடையது. துறை வேறு, பதிவேடு வேறு. நகராட்சி மூன்றாவதாக ஒன்றைத் தொடங்கி இவற்றோடு போட்டி போட வேண்டியதில்லை. அதியமானுக்கு அதியமான்கோட்டையில் கோட்டம் இருக்கிறது. சுப்பிரமணிய சிவாவுக்குப் பாப்பாரப்பட்டியில் நினைவிடம் இருக்கிறது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. இவர்களுக்கு இன்னொரு பிளாஸ்டர் சிலை செய்வதால் புதிதாக எதுவும் தெரிந்துவிடாது. கவனிப்பார் இல்லாமல் கிடப்பவை வேறு: ஏரிக்கரையிலும் மாந்தோப்பிலும் நிற்கும் கற்கள், வீட்டுப் பரணில் இருக்கும் ஓலைக்கட்டுகள், சந்தையில் ஓய்ந்துபோன படியும் எடைக்கல்லும், உங்கள் அலுவலகத்துப் பதிவறையில் மக்கிக்கொண்டிருக்கும் தீர்மானப் புத்தகங்கள்.

பதிவேடு ஏன் முதலில் என்பதற்கு இந்த இரண்டு மாவட்டங்களின் வரலாறே காரணம் சொல்லும். 1965 அக்டோபர் 2 வரை இது முழுவதும் சேலம் மாவட்டம். அன்று தருமபுரி தனி மாவட்டமானது. 2004 பிப்ரவரி 9இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. இடையிலும் பின்னரும் வட்டங்கள் உடைந்துகொண்டே வந்தன. 1970களில் ஆர். நாகசாமி இயக்குநராக இருந்த காலத்தில் மாநிலத் தொல்லியல் துறை செங்கம், தருமபுரி வட்டாரங்களில் ஊர் ஊராகப் போய் நடுகற்களைப் படியெடுத்து அச்சிட்டது. தமிழ் வரலாற்றுக்கே அது பெரிய கொடை. ஆனால் அந்தக் காலத்துக் குறிப்பில் 'அரூர் வட்டம்' என்றிருக்கும் ஊர் இன்று பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் இருக்கலாம். 'தருமபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி வட்டம்' என்றிருப்பது இன்று வேறு மாவட்டம், வேறு வட்டம். ஒரே பெயரில் இரண்டு மூன்று பட்டிகள் இருக்கும் நாட்டில், பழைய முகவரியை வைத்துக்கொண்டு ஒரு கல்லைத் தேடிப் போகிறவர் வேறொரு பட்டியில் போய் நிற்பார். அங்கே கல் இல்லையென்றால் 'காணவில்லை' என்று எழுதிவிடுவார். காணாமல் போனவை என்று சொல்லப்படுபவற்றில் சில, முகவரி மாறியவை மட்டுமே.

ஆகவே பதிவேட்டில் 'ஊர்' என்ற ஒரு பத்தி போதாது. கிடைத்த அன்றைய வட்டமும் மாவட்டமும், இன்றைய வட்டமும் மாவட்டமும், வருவாய்க் கிராமத்தின் பெயர், புல எண், அட்சரேகை தீர்க்கரேகை ஐந்து தசம இடம் வரை, நிலத்தை உள்ளூரில் எந்தப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பது, இத்தனையும் வேண்டும். கடைசியில் சொன்னதை யாரும் எழுதுவதில்லை. நடுகல்லை இங்கே வேடியப்பன் என்று கும்பிடுவார்கள்; 'வேடியப்பன் கொல்லை' என்று ஒரு நிலத்துக்குப் பெயர் இருந்தால், கல் நகர்ந்துவிட்ட பிறகும் அந்தப் பெயர் அங்கேயே நிற்கும்; தேடுகிறவருக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

பதிவேடு என்றால் தைத்துக் கட்டிய புத்தகம், பக்க எண் அச்சிட்டது, அழியாத மையில் எழுதியது. கணினியில் எக்செல் கோப்பும் இருக்கட்டும். அது நகல்தான், மூலம் ஆகாது. எண் கொடுக்கும் முறை எளிது: ஆண்டு, அந்த ஆண்டில் எத்தனையாவது வரவு, அந்த வரவில் எத்தனையாவது பொருள். 2026/4/2 என்றால் 2026இல் நான்காவதாக வந்த தொகுதியின் இரண்டாவது பொருள். ஒரு பொருள் திரும்பப் போனாலோ உடைந்தாலோ அந்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பமிட வேண்டும். வெள்ளை மை பூசக் கூடாது. எப்படி வந்தது என்ற பத்தியில் 'நன்கொடை', 'இரவல்', 'கண்டெடுப்பு', 'வேறு அலுவலகத்திலிருந்து மாற்றம்' என்று நான்கில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இரவலை நன்கொடை என்று எழுதிவிட்டு இருபது ஆண்டு கழித்துப் பேரன் வந்து கேட்கும்போது பதில் சொல்ல ஆள் இருக்காது. கொடுத்தவருக்கு அன்றே ரசீது, அதில் படத்தோடு. பதிவேட்டின் ஒளிநகல் ஒன்று ஆண்டுக்கொரு முறை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும்.

பொருளின் மேல் எண்ணை எழுதும் இடத்தில்தான் பெரும்பாலான கேடு நடக்கிறது. நடுகல்லின் முகத்திலேயே வெள்ளை எனாமலில் கொட்டை எழுத்தில் எண் போடுவது நம் நாட்டில் பழகிப்போன வழக்கம். எண் விழுந்த இடத்தில் எழுத்து இருந்தால் போயிற்று. கல்லுக்கு எண்ணைப் பின்பக்கத்தின் அடியில், கட்டைவிரல் அகலத்தில் போட்டால் போதும். முதலில் அந்த இடத்தில் மட்டும் பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து (நூறு மில்லிக்கு 15 முதல் 20 கிராம்) ஒரு பூச்சு. காய்ந்தபின் அதன்மேல் மையில் எண். அதற்கு மேல் மெல்லிய இன்னொரு பூச்சு. வேண்டாமென்றால் அசிட்டோன் தொட்ட பஞ்சு முழுவதையும் துடைத்தெடுத்துவிடும். பானை ஓட்டுக்கும் இரும்புக்கும் இதே முறைதான். உளியால் எண் கொத்துவது குற்றம் என்றே சொல்வோம்.

இனி நடுகல். இந்த வட்டாரத்தின் பெயர் தமிழ் வரலாற்றில் நிற்பதே இதனால்தான். கல்லைத் தேர்ந்து கண்டு, கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று அடுக்கிச் சொல்கிறது. பல்லவர் காலத்தில் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆட்சியாண்டு குறித்த கற்களில் எழுத்து வட்டெழுத்து என்னும் பழைய எழுத்து, மொழி தமிழ். 'கோவிசைய' என்று தொடங்கும். மன்னன் பெயரும் ஆண்டும் வரும். பிறகு எந்த ஊர்த் தொறுவை, அதாவது ஆநிரையை, யார் கவர்ந்தார்கள், யார் மீட்டுப் பட்டான் என்பது வரும். 'கல்' என்று முடியும். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாய்க்கே இப்படி ஒரு கல் உண்டு. கிருஷ்ணகிரியின் வடமேற்கே ஓசூர்ப் பக்கம் போகப் போகக் கல்லின் அமைப்பு மாறும்: அடுக்கடுக்காகச் சிற்பம், கீழே போர், நடுவில் வீரனை ஏந்திச் செல்லும் தேவமகளிர், மேலே லிங்க வழிபாடு. எழுத்து கன்னடமாகவும் இருக்கும். எல்லாவற்றுக்கும் 'நடுகல், கருங்கல், இடைக்காலம்' என்று ஒரே அட்டையை மாட்டிவைப்பதால்தான் பள்ளிப் பிள்ளைகள் முதல் கல்லைப் பார்த்துவிட்டு மீதி வரிசையை ஓடிக் கடக்கிறார்கள்.

ஒரு கல்லின் முன் நின்று பாருங்கள். வீரன் இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், முன்னோக்கிய நடை, கொண்டை முடிப்பு, இடையில் கட்டிய துணியின் முடிச்சு. உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா, எத்தனை, எந்தத் திசையிலிருந்து? காலருகே சிமிழும் கெண்டியும் இருக்கின்றனவா? மாடுகள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கின்றன? தலைக்கு மேலே எழுத்து எத்தனை வரி, கடைசி வரி சிற்பத்தின் ஓரமாக இறங்கி வருகிறதா? அட்டையில் எழுத வேண்டியது இவை. அதற்குக் கீழே கல்வெட்டு வாசகம் வரிக்கு வரி, அதற்குக் கீழே இன்றைய தமிழில் பொருள், உடைந்த இடத்தில் சதுர அடைப்புக்குறி. நூற்றாண்டு கடைசியில் வரட்டும்.

வாசகத்தைப் படிக்கச் சாக்பீஸால் எழுத்தின் மேல் தடவிவிட்டுப் படம் எடுப்பது இன்று கைப்பேசி வைத்திருக்கும் எல்லோரும் செய்வது. தயவுசெய்து இதை உங்கள் எல்லைக்குள் தடை செய்யுங்கள். வட்டெழுத்தில் பகரமும் வகரமும் பார்வைக்கு மிக நெருக்கம்; மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பல கற்களில் இராது. சாக்பீஸ் தடவுகிறவர் கல்லில் இருப்பதைத் தீட்டுவதில்லை, தான் நினைத்த எழுத்தைத் தீட்டுகிறார். அந்தப் படம்தான் பிறகு எல்லா இடத்திலும் சுற்றும். இதற்கு மாற்று செலவில்லாதது. மாலை மங்கிய பிறகு கல்லின் ஒரு பக்கத்திலிருந்து, முகத்தோடு ஒட்டினாற்போல் டார்ச் ஒளியைச் சாய்த்து அடித்தால் பள்ளத்தில் நிழல் விழும். ஒளியை இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு பக்கமும் மாற்றி, கேமராவை அசைக்காமல் நான்கு படம் எடுங்கள். ஒரு பக்கத்தில் மறைந்த கோடு இன்னொரு பக்கத்தில் எழும். பக்கத்தில் ஓர் அளவுகோல் கட்டாயம்.

மைப்படி, அதாவது கல்லின் எழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுப்பது, பயிற்சி உள்ளவர் வேலை. ஆனால் மேற்பார்வை பார்ப்பவருக்கு முறை தெரிந்திருக்க வேண்டும். கம்பித் தூரிகை கூடாது. தேங்காய்நார் அல்லது மெல்லிய நைலான் தூரிகையும் நீரும்தான். கல் ஈரமாக இருக்கும்போதே நனைத்த மேப்லித்தோ தாளை மேலிருந்து கீழாகப் படியவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு அடர்ந்த தூரிகையால் செங்குத்தாகத் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். தாள் கிழிந்தால் அங்கே சிறு துண்டு ஒட்டு போட்டு மறுபடி தட்டலாம். மை வைக்கும் நேரம்தான் சூட்சுமம். ஈரம் அதிகமானால் மை பரவி எழுத்து தடித்துவிடும். காய்ந்துவிட்டால் தாள் கல்லைவிட்டு எழும்பிவிடும், அதற்குப் பிறகு என்ன தட்டினாலும் பயனில்லை. தொட்டால் விரல் குளிர வேண்டும், ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் மைப்பந்தால் லேசாக ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. வைகாசி வெயிலில் பத்து மணிக்கு மேல் எங்கள் பக்கம் இது நடக்காத காரியம். காற்று மாதங்களான ஆனி, ஆடியில் தாளைப் பிடிக்கவே இரண்டு பேர் வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு படி எடுத்து, பின்புறம் பென்சிலில் ஊர், நாள், மேற்பக்கக் குறி எழுதி, மடிக்காமல் குழாயில் சுருட்டி வையுங்கள்.

கல்லைப் பெயர்த்து எடுப்பது பற்றி எங்கள் கருத்து கடுமையானது. வழிபாட்டில் இருக்கும் கல்லைத் தொடாதீர்கள். வேடியப்பன் என்று ஆண்டுதோறும் பொங்கல் வைத்துக் கும்பிடும் கல்லை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தால் ஊர்ப்பகை வரும். அதைவிட, ஆயிரத்துச் சொச்சம் ஆண்டாக அறுபடாத ஒரு தொடர்பு அறுந்துபோகும். அங்கே வேண்டியது பேச்சு. எண்ணெயை முகத்தில் ஊற்றாமல் அடிப்பீடத்தில் விடலாமா என்று கேளுங்கள். விளக்கை இரண்டடி தள்ளி ஒரு தகரத் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். எண்ணெயும் புகையும் சேர்ந்து தார்போல் இறுகி எழுத்தை மூடிவிடும் என்று சொன்னால் பெரியவர்கள் கேட்டுக்கொள்வார்கள். எனாமல் பெயின்ட், சிமென்ட் மேடை, டைல்ஸ் இந்த மூன்றும்தான் இன்று நடுகல்லுக்குப் பெரிய எதிரி. மூன்றுமே பக்தியோடு வருவதால் தடுப்பது கடினம். மேடை கட்டும்போது கல்லின் அடியில் இருக்கும் ஒன்றிரண்டு வரி சிமென்டுக்குள் புதைந்துவிடுகிறது. சிமென்டிலிருந்து வெளியேறும் உப்பும் ஈரமும் கல்லின் அடிப்பகுதியைப் பொரியவைக்கிறது. பிறகு எடுக்க வேண்டுமென்றாலும் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மணலும் உடைகல்லும் இட்டுக் கெட்டித்த குழி, தேவையானால் சுண்ணாம்புக் காரை, அது போதும். ஆசிட் ஊற்றிக் கழுவுவது இன்னொரு கொடுமை. கருங்கல்லில் இருக்கும் இரும்புச்சத்து கரைந்து மஞ்சள் கறையாக வெளியே வரும். அது போகவே போகாது.

சாலை விரிவாக்கத்தாலோ குவாரியாலோ இருக்கும் இடத்தில் கல் நிலைக்காது என்றால் மட்டும் எடுங்கள். எடுக்கும் முன் எந்தத் திசையைப் பார்த்து நின்றது, தரைக்கு மேல் எத்தனை சென்டிமீட்டர், பக்கத்தில் வேறு கல் உண்டா என்று பதிவு செய்யுங்கள். நடுகல்லின் செதுக்காத அடிப்பகுதி மண்ணுக்குள் இருக்கும். ஜேசிபி பல்லை அங்கே கொடுத்தால் கல் இடுப்பில் ஒடியும். கையால்தான் தோண்ட வேண்டும். 150 சென்டிமீட்டர் உயரம், 90 அகலம், 15 கனம் உள்ள ஒரு பலகைக் கல் ஏறக்குறைய 540 கிலோ வரும். அதற்கு இரண்டு டன் செயின் பிளாக்கும் முக்காலியும் அகலமான நைலான் பெல்ட்டும் போதும். இரும்புச் சங்கிலியை நேரடியாகக் கட்டினால் விளிம்பு சிதறும். வண்டியில் முகம் மேலே பார்க்க, வைக்கோலும் மணல் மூட்டையும் பரப்பிப் படுக்க வைக்க வேண்டும். நிறுத்திக் கொண்டுவந்த கல் வேகத்தடையில் விழுந்தால் இரண்டாகும். கொண்டுவந்த கல்லைக் காம்பவுண்டுச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். பின்பக்கத்திலும் எழுத்து இருக்கலாம். சுற்றிவர இரண்டடி வழி வேண்டும்.

கல் முரடு, கொஞ்சம் கவனக்குறைவைத் தாங்கும். இரும்பு தாங்காது. பர்கூர்ப் பக்கத்து மயிலாடும்பாறையில் 2021இல் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த மாதிரிகளின் காலக்கணிப்பு, தமிழகத்தில் இரும்புப் பயன்பாட்டை கி.மு. 2172 வரை கொண்டுபோனது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டைக் கொடுத்தது இரும்பு அல்ல, அதே மண்ணடுக்கில் கிடைத்த கரி. எந்த அடுக்கில், எதோடு சேர்ந்து, எவ்வளவு ஆழத்தில் என்று தெரிந்ததால்தான் அந்தக் கணக்கு நின்றது. டிராக்டர் உழவில் மேலே வந்த இரும்புத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நகராட்சியில் கொடுத்தால் அதற்கு வயது சொல்ல யாராலும் முடியாது. அப்படி வந்ததை 'அதியமான் காலத்து வாள்' என்று எழுதி வைத்துவிடாதீர்கள். அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைக் கல்லில் காட்டும் தமிழ் பிராமிச் சான்று 1981இல் கிடைத்தது திருக்கோவிலூர் வட்டாரத்து ஜம்பையில். நம் ஊரில் அல்ல. அதையும் அட்டையில் நேர்மையாக எழுதலாம், பெருமை குறைந்துவிடாது.

மண்ணிலிருந்து வந்த இரும்பைக் கழுவாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். அதற்குள் இறங்கியிருக்கும் குளோரைடு உப்பு, காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளிருந்தே அரிக்கும். மேலே ஆரஞ்சு நிறத்தில் வியர்வைத் துளி போலப் பூத்தால், அடுக்கு அடுக்காக உரிந்தால், அரிப்பு நடக்கிறது என்று அர்த்தம். மூடி இறுகும் பாலிப்ரொப்பிலீன் டப்பாவில், பொருளின் எடைக்குக் குறையாத அளவு உலர்ந்த சிலிக்கா ஜெல்லோடு வைத்து, நிறம் மாறியதும் ஜெல்லை 110 முதல் 120 டிகிரியில் சூடேற்றி உலர்த்தி மறுபடி போட வேண்டும். டப்பாவுக்குள் ஈரமானி அட்டை ஒன்று போட்டால் 20 சதவீதத்தைத் தாண்டாமல் கண்காணிக்கலாம். செப்புக் காசைப் புளி போட்டு விளக்கும் பழக்கம் வீட்டுக் குத்துவிளக்கோடு நிற்கட்டும். காசில் பளபளப்பு வரும், எழுத்து போய்விடும். வெளிர்பச்சைப் பொடி உதிரும் காசை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து உலர வையுங்கள். ஈயக் குண்டு போன்றவற்றைப் பிளைவுட் அலமாரியில் பூட்டி வைத்தால், பலகையிலிருந்து வரும் அமில ஆவி பட்டு வெள்ளைப் பொடியாகிவிடும். அவற்றுக்கு இரும்பு பீரோதான் சரி.

கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளை ஃபெவிகாலோ எம்-சீலோ போட்டு ஒட்டிப் பானையாக்கிக் காட்டும் ஆசை பலருக்கு இருக்கிறது. தப்பாக ஒட்டிய ஒரு ஓட்டைப் பிரிக்கும்போது பக்கத்து ஓடும் சேர்ந்து பெயரும். ஒட்டாமல் விட்டால் ஓட்டுக்கு ஒன்றும் ஆகாது.

ஓலைச்சுவடிக்கு வேண்டியது காற்றோட்டம், எலுமிச்சைப்புல் எண்ணெய் தொட்ட மெல்லிய துணி, அழுத்தாத கயிறு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிரித்துப் பார்க்கும் ஆள். காகிதத்துக்கும் ஓலைக்கும் லாமினேஷன் கூடவே கூடாது. ஒட்டிய பிறகு திரும்பப் பிரிக்க வழியே இல்லை. ஒகேனக்கல் பரிசல்களில் மூங்கில் கூட்டின் மேல் இன்று பிளாஸ்டிக் சாக்கும் தாரும்தான். தோல் போர்த்திய பழைய பரிசல் எங்காவது மிஞ்சியிருந்தால் முதல் வேலையாக வாங்குங்கள், ஆனால் உள்ளே கொண்டுவரும் முன் தோலைத் தின்னும் வண்டு இருக்கிறதா என்று தையல் தையலாகப் பாருங்கள். ஒரு பரிசலோடு வந்த வண்டு மற்ற தோல் பொருளையெல்லாம் தின்றுவிடும்.

இவ்வளவும் வெளியிலிருந்து வருபவை. நகராட்சியிடமே இருப்பதை யாரும் அருங்காட்சியகப் பொருளாக நினைப்பதில்லை. பழைய தீர்மானப் புத்தகம், வரிப் பதிவேடு, தெருப் பெயர்ப் பலகை, எல்லைக் கல், வார்ப்பிரும்புத் தெருக்குழாய், விளக்குக் கம்பம். 1957 ஏப்ரலில் நயாபைசா வந்தது, அடுத்த ஆண்டிலிருந்து மெட்ரிக் எடை படிப்படியாக வந்தது. அதற்கு முந்தைய வீசை, பலம், சேர், படி, வள்ளம் எல்லாம் சந்தைக் கடைகளின் மூலையில் இன்னும் இருக்கும். முத்திரை குத்திய எடைக்கல்லை எடுத்து இன்றைய தராசில் வைத்து எத்தனை கிராம் என்று அட்டையில் எழுதினால், பாரமகால் என்று இந்நாடு வழங்கிய காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் 1792க்குப் பின் போட்ட நிலவரிக் கணக்குகள் எதை எப்படி அளந்தன என்பது பிள்ளைகளுக்குக் கையில் பிடித்தாற்போல் விளங்கும். இந்தத் தொகுப்பு வேறு எந்த அரசு அருங்காட்சியகத்திலும் இருக்காது. எங்களைக் கேட்டால் நகராட்சி அருங்காட்சியகத்தின் முதல் அறை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் ஒப்பந்ததாரர்களுக்கும் ஒரு வரி சேருங்கள். பழைய வடிகாலையும் மதகையும் பிரிக்கும்போது மூடுகல்லின் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் உடைக்கக் கூடாது. எழுத்தோ சிற்பமோ தெரிந்தால் வேலையை அந்த இடத்தில் நிறுத்திப் படம் எடுத்து நகராட்சிப் பொறியாளருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பட்டாநிலத்து மண்ணுக்கடியில் கிடைத்ததை நகராட்சி தானாக வாங்கி வைக்க முடியாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் வரம்பு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டாகியும் அப்படியே இருப்பது வேறு கதை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் நூறு ஆண்டு தாண்டிய சிற்பமும் காசும், 75 ஆண்டு தாண்டிய முக்கியமான கையெழுத்துப் படியும் தொல்பொருள்தான். சந்தேகம் வரும்போது தருமபுரி அகழ்வைப்பகத்திலோ கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலோ கேட்டு, அவர்கள் சொன்னதையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

ஆணையர்கள் மாறுவார்கள். பொறுப்பு ஒப்படைக்கும்போது வாகனம், கணினி, நாற்காலிக்கெல்லாம் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் அருங்காட்சியகப் பதிவேட்டின் கடைசி எண்ணும் ஒரு வரியாக ஏற வேண்டும். வருகிறவர் கையெழுத்திடும் முன் பதிவேட்டிலிருந்து ஏதேனும் இருபது எண்ணைத் தன் விருப்பப்படி பொறுக்கி, அந்த இருபது பொருளும் எழுதிய இடத்தில் இருக்கின்றனவா என்று நேரில் பார்க்க வேண்டும். பிறகு அலமாரியிலிருந்து இருபது பொருளை எடுத்து, அவற்றுக்குப் பதிவேட்டில் எண் இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு சோதனைக்கும் அரை நாள் ஆகும். அடுத்த மன்றக் கூட்டத்தில் இதையும் ஒப்பந்த நிபந்தனையையும் தீர்மானமாக வைக்கக் கேட்டுக்கொள்கிறோம். பதிவேட்டுப் பத்திகளின் மாதிரிப் படிவமும், எண் எழுதவும் மைப்படி எடுக்கவும் உங்கள் ஊழியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சியும் கட்டணமின்றித் தர அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கல்வெட்டு, பழம்பொருள் பதிவில் ஈடுபட்டிருப்போர் சிலர்